ருமெனா கட்டிய குஞ்சம்

மருந்துக்கடை வாசலில் அன்று நடந்த பேச்சு விலியானாவுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

கருவிப்பெட்டியோடு போய் நின்றவளின் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள் கடைக்காரி லால்கா.

"ருமெனா வரலையா?"

"நான்தான் வந்திருக்கேன் லால்கா அக்கா. கதவுக்கு என்ன ஆச்சு?"

"என் வீட்டுக்காரர் புத்தி அதுக்கு வந்துருச்சு. தெருவுல எவ போனாலும் வாயைத் திறக்குது."

விலியானா ஏணியில் ஏறினாள். கதவுக்கு மேலிருந்த சென்சார் நடைபாதை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் கீழே திருப்பிவிட்டாள். பத்தே நிமிட வேலை.

"இனிமே உள்ள வர்றவங்களுக்குத்தான் திறக்கும்."

"கெட்டிக்காரிதான். ஆனா ருமெனா வந்திருந்தா ஒரு காபி குடிச்சிட்டு, நாலு கதை பேசிட்டுப் போயிருப்பா."

வண்டியில் ஏறிய பிறகும் விலியானாவுக்கு வயிறு எரிந்தது.

ரூசே நகரத்தில் தானியங்கிக் கதவுகளைப் பொருத்திப் பராமரிக்கும் நிறுவனத்தில் அவளும் ருமெனாவும் ஒரே இலையுதிர் காலத்தில் சேர்ந்தவர்கள். ஒன்பது வருடமாகிறது. ருமெனா அதற்கு முன் சிலிஸ்த்ராவில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை செய்தவள். குள்ளம், கனத்த குரல், சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை. கதவுகளைச் சோதிப்பதே அவளுக்கு ஒரு கூத்து. மீன்கடையின் பழைய கதவு, வாசல் மிதியடியில் எடை விழுந்தால்தான் திறக்கும். அதன்மேல் ஒற்றைக்காலில் நின்று, "பாதி ருமெனாவுக்குத் திறக்குமா பார்ப்போம்" என்பாள். நிலையின் குறுக்கே ஒளிக்கற்றை ஓடும் கதவு என்றால் நடுவில் சிலையாக நின்று, தன்மேல் மூடுகிறதா என்று பாட்டுப் பாடிக்கொண்டே காத்திருப்பாள். அறுவை சிகிச்சை அறையின் கதவு, தொடாமல் கையசைத்தால் திறப்பது. நர்ஸுகளைப் போல முழங்கையை ஆட்டிக் காட்டுவாள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதே சோதனைகளை விலியானா அளவுகோலும் கடிகாரமும் வைத்துப் பாதி நேரத்தில் முடிப்பாள். யாரும் சிரித்ததில்லை. யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளி ஸ்பாஸ் ஒரு செய்தி சொன்னார். புதிய ஆஸ்பத்திரியின் நாற்பது கதவுகளும் தங்கள் பொறுப்பு. ஒருவர் அங்கேயே நிரந்தரமாக இருக்க வேண்டும். யார் என்பதை மார்ச்சில் சொல்வார்; அதுவரை ருமெனா பார்த்துக்கொள்வாள். ராஸ்கிராத், ஷூமென் என்று ஊர் ஊராக வண்டியிலேயே கழிந்த தன் வாழ்க்கை ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று விலியானா ஏங்கினாள். ருமெனாவுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மார்ச் முதல் தேதி ஊரெல்லாம் ஒருவருக்கொருவர் சிவப்பும் வெள்ளையுமான நூல் குஞ்சம் கட்டிவிடும் நாள்; வசந்தத்தின் முதல் மரம் பூத்த பிறகே அதை அவிழ்ப்பார்கள். ருமெனா மனிதர்களோடு நிறுத்துபவள் அல்ல. தான் பார்த்துக்கொள்ளும் கதவுகளுக்கும் கட்டுவாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி முன்கதவு ஓயாமல் திறந்து மூடியது. டான்யூப் ஆற்றிலிருந்து வந்த காற்றில் நோயாளிகள் நடுங்கினார்கள். ருமெனா வெளியூரில் இருந்ததால் ஸ்பாஸ் விலியானாவை அனுப்பினார்.

நிமிர்ந்து பார்த்ததுமே புரிந்துவிட்டது. சென்சாருக்கு நேர் கீழே ஒரு குஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அசைவதெல்லாம் அந்த சென்சாருக்கு ஆள்தான். கதவு திறக்க, காற்று வர, குஞ்சம் ஆட, கதவு மறுபடி திறந்தது.

"நேத்து ருமெனா கட்டிட்டுப் போனாங்க. அழகா இருக்குல்ல?" என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண். விலியானா கத்திரியை எடுத்ததும் பதறினாள். "ஐயோ, மரம் பூக்கறதுக்கு முன்னாடி அறுக்கக் கூடாதே!"

அறுத்தாள். கதவு அடங்கியது. நெஞ்சுக்குள் தேன் வார்த்தது போலிருந்தது. வேறு யாராக இருந்தாலும் குஞ்சத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அலுவலகத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். விலியானா படம் எடுத்து, கட்டியவர் பெயரோடு நான்கு வரி அறிக்கை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஸ்பாஸ் ஆஸ்பத்திரி வேலையை அவளுக்குக் கொடுத்தார்.

சாவிகளை ஒப்படைக்க ருமெனா வந்தபோது விலியானா சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லடி. கட்டினவ நான்தானே. ஒன்பது வருஷம் கதவோட கிடந்தவளுக்கு அந்த அறிவு வேணாம்?" என்று சிரித்தாள் ருமெனா. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதியிருக்கலாம்."

வேலை கைக்கு வந்த பிறகும், அந்தச் சிரிப்பின் மேல் விலியானாவுக்கு இருந்த பொறாமை தீரவில்லை.

ருமெனா சாவிக்கொத்தை நீட்டினாள். ஆனால் உடனே விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டயாலிசிஸ் பிரிவுல பொத்தான் அமுக்கித் திறக்கற கதவு இருக்கே, அங்க வர்றவங்க மெதுவாத்தான் நடப்பாங்கன்னு அதை இருபது செகண்டு திறந்திருக்கற மாதிரி வெச்சிருக்கேன். புஸ்தகத்துல எட்டுன்னுதான் போட்டிருக்கும். நீ புஸ்தகம் பார்த்துச் செய்யறவ. அதை மட்டும் மாத்திடாதே, விலியானா."