பிரேக்கில் கட்டிய மங்குக் கம்பி

நம் வீட்டு மோட்டார் சைக்கிளை நான் கடையில் விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய் மாற்றுவது, செயின் இறுக்குவது, பிளக் துடைப்பது எல்லாம் வாசலில் பழைய பேப்பரை விரித்து நானே செய்வேன். மூன்றாம் படிவம் வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியும். நாளைக்கு நீங்களும் செய்வீர்கள். அதற்குள் இந்த ஒரு காலைப்பொழுதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தீர்கள். பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பின் பிரேக் தேய்ந்துபோய் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டது. புது பிரேக் ஷூ வாங்கி வந்திருந்தேன். உங்கள் அம்மாவின் தம்பி, அதாவது மாமா, சர்ச்சிலிருந்து நேராக வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நம் வீட்டு வரிசையில் யாருடைய கப்சாய் மோட்டார் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கை அவ்வளவு வேகம்.

பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் பிரேக் தட்டோடு சேர்ந்த ஓர் இரும்புத் தண்டையும் கழற்ற வேண்டும். சக்கரம் சுற்றும்போது தட்டும் கூடச் சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தண்டுதான். அதன் நுனியில் ஒரு நட்டு. நட்டு கழன்றுவிடாமல் இருக்கக் கொண்டை ஊசி மாதிரி ஒரு சின்னப் பின். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பின்னை நான்தான் குறட்டால் நிமிர்த்தி இழுத்தேன். அதற்குள் தூறல் விழுந்தது. அம்மா கொடியில் கிடந்த துணியை எடுக்கக் கூப்பிட்டாள். நான் போய்த் துணியை எடுத்துப் போட்டுவிட்டு, நனைந்த விறகையும் உள்ளே தள்ளிவிட்டு வருவதற்குள் சக்கரம் மாட்டியாகிவிட்டது. பெடலை அழுத்திப் பார்த்தேன். பிரேக் கல்லு மாதிரி பிடித்தது. மாமா கையைத் துடைத்துக்கொண்டே, கடைக்காரன் இந்நேரம் டீயைக்கூடக் குடித்து முடித்திருக்க மாட்டான் என்று சிரித்தார்.

மறுநாள் எனக்கு மத்தியான ஷிப்ட். அம்மா வழக்கம்போல அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குக் கேன்டீன் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நான் வாசலைக் கூட்டப் போனேன். எண்ணெய்க் கறை பிடித்த பேப்பர் அப்படியே கிடந்தது. மடிக்கும்போது அதிலிருந்து ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். நேற்று நான் இழுத்தெடுத்த அதே பின்தான். ஒரு கால் முறிந்திருந்தது.

புதுப் பின் வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆணி டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். அதிலும் அந்த மாதிரி எதுவும் இல்லை. மாமாவுக்குப் போன் அடித்தேன்.

“மச்சான், பிரேக் தண்டுல என்ன பின் போட்ட?”

“பின் ஏது? பின்னுக்குப் பதிலா மங்குக் கம்பிய பாசாங் பண்ணி முறுக்கிட்டேன். பிடிச்சிக்கும்லா.”

மங்குக் கம்பி என்றால் பால்மரத்தில் ரப்பர் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்க மரத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்களே, அந்தக் கம்பி. மரங்களைச் சாய்த்துவிட்டுத் தோட்டம் முழுக்க எண்ணெய்ச் செம்பனை நட்டபோது நம் ஆட்கள் அந்தக் கம்பிகளைச் சுருள் சுருளாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கோழிக்கூட்டுக் கதவு, கால்வாய் மூடி, உடைந்த கட்டில் கால், தொட்டில் கொக்கி எல்லாவற்றுக்கும் அதுதான். வேறு எந்த ஊர்க்காரனும் மோட்டார் பிரேக்கில் அதைக் கட்ட நினைக்க மாட்டான். நமக்கு அது இயல்பாக வந்துவிட்டது. ஆனால் மரம் அசையாமல் நிற்கிறது. சக்கரம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கம்பியோ எத்தனையோ மழையில் துருப்பிடித்துக் கிடந்தது.

அம்மாவுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வைப்பாள்.

கம்பி அறுந்தால் நட்டு கழலும். நட்டு கழன்றால் தண்டு விழும். தண்டு விழுந்த பிறகு பிரேக்கை மிதித்தால் தட்டு சக்கரத்தோடு சுற்றி, சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிடும். அம்மா போகும் சிம்பாங் பூலாய் சாலையில் காலை நேரத்தில் கல்லு லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்பது உங்களுக்கே தெரியும். முன்னால் ஒரு கப்சாய் திடீரென்று நின்றால் அவர்களால் நிறுத்த முடியாது.

திரும்ப அடித்து வரச் சொன்னதும் மாமா தன் வண்டியில் வந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மலையைக் குடைந்த இடத்திலிருந்து வெள்ளைத் தூசி இறங்கிச் சாலை முழுவதும் மங்கலாக இருந்தது. ரோட்டோரத்தில் பளபளவென்று எது கிடந்தாலும் எனக்கு அது நட்டாகத் தெரிந்தது. சந்திப்புக்கு முன்னால் ஒரு லோரி குறுக்கே நின்றிருந்தது. ஆட்கள் கூடிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா வண்டியை மெதுவாக்கினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாமாதான் பார்த்தார்.

“டயர் வெடிச்சிருக்கு மச்சான். வெறும் டயரு.”

இன்னும் கொஞ்ச தூரத்தில், நாசி லெமாக் சோறு விற்கும் குடையடியில் நம் வண்டி நின்றிருந்தது. அம்மா பொட்டலத்தை வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“என்னங்க, ரெண்டு பேரும் ஒரே வண்டியில? யாரு செத்தா?”

நான் நேராகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். கம்பி அறுந்து ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. நட்டைத் தொட்டேன். ஸ்பேனரே வேண்டாம், விரலாலேயே சுற்ற வந்தது. பின்பக்கம் கடகடவென்று சத்தம் வந்ததாகவும், புது ஷூ என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் அம்மா சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குனிந்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தம்பியின் வண்டியைப் பார்த்தாள்.

“டேய், உன் வண்டிலயும் இதான் கட்டி வச்சிருக்கியா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வண்டியிலும் அதே இடத்தில் அதே கம்பி, துருவேறி, அழகாக முறுக்கியிருந்தது. அதன் மேல்தான் நாங்கள் இரண்டு பேரும் பறந்து வந்திருந்தோம்.

அம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள். மாமா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்தார். எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் வீடுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோடி வீட்டு அக்கா. கோயில் பக்கத்து வீட்டுத் தம்பி. தண்ணீர்த் தொட்டி வீட்டு அண்ணன். எல்லோருக்கும் சக்கரம் கழற்றி மாட்டியவர் அவர்தான்.

அப்போது அந்தத் தண்ணீர்த் தொட்டி வீட்டு அண்ணனே சாலையில் வந்தார். பின்னால் மனைவி, முன்னால் விற்கக் கொண்டுபோகும் காய்கறிக் கூடை. மாமா எழுந்து ஓடி இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். அண்ணன் ஒரு கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். சிரித்துக்கொண்டே இறக்கத்தில் இறங்கிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் கல்லு லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

எங்கள் வண்டிகளை நம்பித் துரத்தவும் முடியாது. அவரிடம் போன் கிடையாது. எந்தச் சந்தைக்குப் போகிறார் என்றும் தெரியாது. நான் பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் பின் வாங்கி, முதலில் எங்கள் இரண்டு வண்டிக்கும் போட்டுவிட்டு, திரும்பி வந்து வரிசையில் நின்றிருந்த வண்டிகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்பியை வெட்டி எடுத்துப் பின் போட்டேன். ஷிப்டுக்குப் போகவில்லை. மாமா எனக்கு உதவ வரவில்லை. அந்த அண்ணன் வீட்டு வாசலிலேயே, வெயில் ஏறி இறங்கும்வரை, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் நானும் அங்கே போயிருந்தபோது அவர்கள் வந்து சேர்ந்தார்கள். வாசலில் எங்களைப் பார்த்து, என்ன விசேஷம் என்று அண்ணனின் மனைவி கேட்டாள். மாமா குனிந்து வண்டிக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். கம்பி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. நட்டு மட்டும் திருகு மரையின் கடைசிச் சுற்றில் நின்றுகொண்டிருந்தது.