கோப்பைதான் குன்று

காபிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் அது குன்று. கரண்டி, விமானம் இறங்கும் ஓடுபாதை. தண்ணீர் சிந்திய இடமெல்லாம் கடல். மனைவி அர்கிரோவின் காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டால் ஹரிதிமோஸ் கிரீட் தீவை இப்படித்தான் மேஜையில் பரப்புவார். "குன்று யாருதோ ஓடுபாதை அவனுது. ஓடுபாதை யாருதோ தீவு அவனுது. தீவு கையில இருந்தா எகிப்து வரைக்கும் கடல் அவன் பேச்சக் கேக்கும். இதுக்குப் போயி பெரிய படிப்பு வேணுமாக்கும்?"

அறுபது வயது. ஆலிவ் மரத்தைக் கவாத்து செய்வதில் கைகாரர். இடது காது மந்தம். பிடிக்காத கேள்வி வந்தால் வலது காதும் மந்தமாகிவிடும்.

கடைச் சுவரில் தொங்கும் ஜெர்மன் துப்பாக்கி அவர் கைப்பற்றியது. உலகப் போரில் நாற்பத்தொன்றாம் வருஷம் மே மாதம், ஜெர்மானியர்கள் வானத்திலிருந்து பாராசூட் குடை பிடித்து இறங்கிய முதல் நாளே. அதற்குச் சில வருஷம் முன்னால்தான் அரசாங்கம் வீடு வீடாக நுழைந்து துப்பாக்கிகளைப் பிடுங்கிப் போயிருந்தது. துப்பாக்கி இல்லாதவனுக்கு மீசை ஒரு கேடா என்று ஆண்கள் புழுங்கிக் கிடந்த காலம். இதைக் கைப்பற்றிய அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயரே 'துப்பாக்கி'. அர்கிரோ மட்டும் மசிய மாட்டாள். "ஒரு எலியச் சுட்டதில்ல, பேரப் பாரு" என்பாள்.

அந்த நாளின் கதையைச் சாயங்காலம் வரை விலாவாரியாகச் சொல்வார். பிறகு ஷூ கயிறு கட்டக் குனிவார். நிமிரும்போது கதையில் மறுநாள் விடிந்திருக்கும்; குன்றின்மேல் எதிரி நிற்பான்.

சென்ற மே மாதம் நியூசிலாந்திலிருந்து மெர்வின் வந்தார். அன்று ஜெர்மானியரை எதிர்த்து ஓடுபாதையோரம் நின்று சண்டை போட்டவர். தீவு விழுந்தபின் மலையில் ஒளிந்திருந்தபோது கற்ற கிரேக்கம் இன்னும் நாக்கில் இருந்தது. விருந்தாளி ராக்கிச் சாராயத்தைக் குடித்து முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது அவர்தான்.

"அண்ணே, 'நாங்க இன்னும் நிக்கிறோம், குன்ற விட்டுறாதீங்க'ன்னு எழுதி ஆள் அனுப்புனோம். குன்று மேல இருந்த எங்க படை நாங்க செத்துட்டோம்னு நெனச்சு ராத்திரியே எறங்கிட்டாங்க. அந்தச் சீட்டு எங்கதான் போச்சு?"

ஹரிதிமோஸ் குனிந்தார். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. சொன்னால் நாற்பது வருஷப் பெயர் போய்விடும். சொல்லாமல் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கவும் முடியாது.

"உங்க ஆளு கால்ல குண்டு பட்டு எங்க தோட்டத்துல விழுந்துட்டாரு. சீட்ட எங்கிட்ட குடுத்தாரு. ஓடினேன். வழியில ஆலிவ் மரத்துல ஒரு குடை மாட்டிக்கிட்டு துப்பாக்கிப் பெட்டி தொங்குச்சு." சுவரைப் பார்க்காமலே கையைக் காட்டினார். "பத்தொம்பது வயசு. ஆசை விடல. மரத்துல ஏறினேன். எறங்குறதுக்குள்ள மரத்தச் சுத்தி ஜெர்மன்காரங்க வந்துட்டாங்க, கெளைக்குள்ளயே பதுங்கிக் கெடந்தேன். நடுச்சாமத்துலதான் நகர முடிஞ்சுது. மேல போனா ஒருத்தரும் இல்ல."

அர்கிரோ கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்கே இது புதிது.

ஹரிதிமோஸ் புகையிலை டப்பாவின் அடியிலிருந்து மஞ்சள் பூத்த மடிப்புச் சீட்டை எடுத்தார். மெர்வின் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. கரண்டியின் பக்கத்தில் வைத்து, ஒற்றை விரலால் மேஜைமேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போய், கவிழ்த்திருந்த கோப்பையைத் தூக்கி அதனடியில் வைத்தார்.