கேசட்டுக்குச் சந்தனம்

தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் செல்போன் பழுது பார்க்கும் நயினாருக்கு வயது நாற்பத்து நான்கு. அதில் கடைசி மூன்றைக் கோபத்திலேயே கழித்திருக்கிறார். காரணம் அருவி. ஆண்டவன் படைத்த அருவி அல்ல, நயினார் செய்த அருவி.

முப்பது வருடங்களுக்கு முன் வீட்டு டிவியோடு இணைத்து, கேசட் செருகி விளையாடிய கேம் பெட்டி பலருக்கு நினைவிருக்கும். அதன் நினைவகம் இரண்டே கிலோபைட். வாட்ஸப்பில் தினமும் வரும் 'காலை வணக்கம்' ரோஜாவில் ஓர் இதழ்கூட அதற்குள் அடங்காது. திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டுச் சிறு உருவங்கள்தான் நிற்கலாம். ஒன்பதாவது வந்தால் பெட்டி அதைக் காட்டாமல் விட்டுவிடும். இந்தப் பெட்டியில்தான் நயினார் குற்றாலம் பேரருவியைக் கொட்டவிட்டார். எட்டுக்கு மேற்பட்ட துளிகளை, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் முறைவைத்து மறைத்து மறைத்துக் காட்டினார். அந்த மினுக்கமே சாரலானது. பொத்தானை அழுத்த அழுத்தத் தண்ணீர் கூடும். அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டினால், குளிப்பவர்களை வெளியேற்றும் போலீஸ் விசில்கூடக் கேட்கும்.

ஒவ்வொரு துளியும் அந்தந்தக் கணத்தில் பெட்டி கணக்குப் போட்டு வரைவது. இதை அவர் ஊருக்கெல்லாம் விளக்கினார். முழுதும் கேட்டுவிட்டு, "நல்ல வீடியோ" என்று பாராட்டிப் போனார்கள். மைத்துனர் விஜய்பாண்டி போலீஸில் இருப்பவர் என்பதால் முறையாக விசாரித்தார்.

"மச்சான், எங்கிட்ட மறைக்காதிய. எந்தச் சேனல்ல இருந்து எடுத்திய?"

நயினார் அவரோடு ஏழு மாதம் பேசவில்லை.

ஐரோப்பாவில் இத்தகைய பெட்டிகளுக்கென்றே ஒரு போட்டி உண்டு. விதிப்படி பெட்டி ஓடுவதைப் படம்பிடித்து அனுப்பினார். விவரம் தெரிந்தவர்களாவது நம்புவார்கள் என்பது அவர் எண்ணம். நடுவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். அதனால் அவர்கள் எழுதினார்கள்: இத்தனை துளிகள் அந்தப் பெட்டியால் ஆகாது, பதிவுசெய்த வீடியோவாக இருக்கலாம், சனிக்கிழமை பழைய டப்பா டிவியில் நேரலையில் ஓட்டிக் காட்டாவிட்டால் நீக்கப்படுவீர்கள்.

ஓடுகிற டப்பா டிவி குற்றாலத்தில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் போடும் தங்கசாமி அண்ணாச்சியிடம் இருந்தது. "கொண்டுவாடே, டிவி என்ன தேஞ்சா போவப் போவுது" என்றார். சனிக்கிழமை மாலை நயினார் கடையில் பெட்டியை வைத்துவிட்டு, மனைவி முத்துச்செல்வியோடு சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி வாசலுக்குப் போனார்.

இங்கே அண்ணாச்சியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கடைக்குள் நுழையும் எந்தச் சாமானும் சந்தனம் குங்குமம் இல்லாமல் வேலை தொடங்காது. கண்காணிப்புக் கேமராவின் கண்ணிலேயே பொட்டு வைத்தவர். மூன்று மாதப் பதிவில் ஒரு சிவப்பு வட்டம்தான் இருக்கிறது. அருவியை அடக்கிய நயினாரின் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் தங்க நிறத்தில் பல்வரிசை தெரிந்தது. அதுதான் முகம் என்று முடிவுசெய்து, சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அவரே செருகியும் வைத்தார்.

நேரலை தொடங்கியது. முத்துச்செல்வி பிடித்திருந்த போனில் நடுவர்கள் மூவர் தெரிந்தார்கள். அருவிக் குளியல் முடித்து, தலையில் துண்டோடு சிப்ஸ் வாங்க வந்த கூட்டமும் நின்றது. நயினார் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். அருவி இருக்க வேண்டிய இடத்தில் ஊதாக் கட்டங்களும் உடைந்த எழுத்துகளும் அரைப் பாறையும் சரிந்து விழுந்தன. கூட்டம் கைதட்டியது.

நயினார் கேசட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"யாரு இதுல சந்தனம் வச்சது?"

"நாந்தாம்டே. புதுச் சாமான அப்பிடியேவா செருகுவாவ?"

"அண்ணாச்சி, அது கரண்டு போற பல்லு. ஒங்க பல்லுல சந்தனத்த அப்பிக்கிட்டு முறுக்கு திம்பியளா?"

"கோவப்படாத. நல்லதுக்குத்தான வச்சேன்."

"மூணு வருசம் அண்ணாச்சி. ஒத்தத் துளிக்காவ ராப்பகலா ஒக்காந்துருக்கேன்."

"இந்தாங்க, வெள்ளைக்காரவ பாத்துக்கிட்டிருக்காவ," என்றாள் முத்துச்செல்வி, போனை ஆட்டாமல். "திட்டுததை அங்கிட்டுத் திரும்பித் திட்டுங்க."

நயினார் திட்டிக்கொண்டே, போனின் சர்க்யூட் பலகை துடைக்கும் திரவத்தைப் பையிலிருந்து எடுத்துப் பல் பல்லாகத் துடைத்தார். திரும்பச் செருகினார். பேரருவி கொட்டியது. பொத்தானை அழுத்தினார், வளைவைத் தாண்டி வெள்ளம் வந்தது, விசில் ஊதியது.

"மொதல்ல போட்டதுதான் நல்லாருந்துச்சு," என்று கூட்டம் கலைந்தது.

கால் மணி நேரத்தில் நடுவர்களின் பதில் வந்தது. நயினாரின் அருவி போட்டியில் ஏற்கப்பட்டது. பதிவுசெய்த வீடியோ இப்படிக் குலையவும் செய்யாது, துடைத்தால் தேறவும் செய்யாது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்த மஞ்சள் பசையின் பெயரையும் கேட்டிருந்தார்கள்.

நயினார் அதை இரண்டு முறை படித்தார். "எழுதுன கணக்கு அத்தனையும் விளக்கி அனுப்புனேன். நம்பல. சந்தனத்த நம்புதானுவ."

"நான் வைக்கலன்னா ஒன்னய நம்பியிருப்பாவளாடே?" என்றார் அண்ணாச்சி, சிப்ஸைப் புரட்டியபடி.

நயினார் பெட்டியைத் துண்டில் இறுக்கிக் கட்டினார். கேசட்டை மட்டும் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினார். டிக்கெட் வாங்கவும் அந்தக் கையை எடுக்கவில்லை.