சேவல் இல்லாத கோழிப்பண்ணை

என் கல்யாணம் கோழிமுட்டையை நம்பித்தான் இருந்தது என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நடந்தது அதுதான்.

எழுபதுகளின் தொடக்கம். நெற்குப்பைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் அத்தை மகன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தவர். எனக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. அப்பாவோ, "அவனுக்குச் சம்பாத்தியம் வரட்டும், பாப்போம். இல்லைன்னா மானாமதுரை மாப்பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டார். அந்த மானாமதுரைக்காரனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அப்போதுதான் படித்த இளைஞர்களுக்குச் சுயதொழில் திட்டம் வந்தது. சிவகங்கையில் பயிற்சி கொடுத்து, மச்சான் வீட்டில் ஒரு லாரி வெள்ளைக் கோழிகளை இறக்கிவிட்டுப் போனார்கள். முட்டைகளை எடுக்க வாராவாரம் வண்டி வரும் என்றார்கள். வந்தது, ஒரே தடவை. மழையில் கண்மாய்க்கரைப் பாதை சேறானதும் டிரைவர் எங்கள் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மச்சான் ஆபீசில் போய்க் கேட்டால், "வரும், போங்க" என்றார்களாம். கோழிகளுக்கு அதெல்லாம் தெரியுமா? அவை பாட்டுக்கு முட்டை போட்டுத் தள்ளின.

அண்டா, குண்டா, அரிசிப்பானை எல்லாவற்றிலும் முட்டை. வேறு வழியில்லாமல் மச்சான் ஊருக்குள்ளேயே மலிவாக விற்றார். பெண்கள் முண்டியடித்து வாங்கினார்கள். மச்சான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் அப்போது முட்டையை யார் தின்றார்கள்? பிள்ளை பெற்றவளும் காய்ச்சலில் எழுந்தவனும்தான். மற்றதெல்லாம் அடை வைக்கத்தான். வெள்ளைக் குஞ்சு கிடைக்கும் என்று எல்லோரும் தங்கள் நாட்டுக்கோழியை அந்த முட்டைகள்மேல் உட்காரவைத்துவிட்டார்கள். மச்சானோ தின்னத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தார். அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அடைகாலம் முடிந்தும் ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. ஒருநாள் காலையில் ஊரே கூடையும் கையுமாகப் பண்ணைக்குக் கிளம்பியது. முன்னால் போனது யார் என்கிறீர்கள்? என் அப்பா! எங்களுக்கே தெரியாமல் அவரும் அடை வைத்திருக்கிறார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அம்புட்டும் கூமுட்டை! எங்களைப் பாத்தா கேணச்சிக மாதிரியா இருக்கு?" என்று ஒருத்தி கூடையைக் கவிழ்த்தாள். ஐயோ, அந்த நாற்றம்!

மச்சான் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "இது திங்கிற முட்டை. இங்க சேவலே கெடையாது. கவர்மெண்டுல கோழி மட்டுந்தான் குடுத்தாக."

அப்பா துண்டை உதறிக்கொண்டு குதித்தார். "ஏண்டா, சேவலை அங்குட்டு விட்டுப்புட்டு கோழியை இங்குட்டு அடைச்சு வச்சா, எப்படிடா குஞ்சு பொரியும்?"

எனக்கு வந்ததே கோபம்! "இம்புட்டுத் தெரிஞ்ச நீங்க, எங்க ரெண்டு பேரையும் எதுக்குப்பா அங்குட்டும் இங்குட்டுமா வச்சிருக்கீக?" என்று கத்திவிட்டேன்.

"அடி ஆத்தீ!" என்று ஒரு கிழவி வாயைப் பொத்தினாள். அவ்வளவுதான், கூட்டமே சிரித்தது. முறைத்துக்கொண்டு நின்ற அப்பாவும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "இந்த வாயாடியைக் கட்டுனா, மானாமதுரைக்காரன் மறுநாளே கொண்டாந்து விட்ருவான்" என்றார்.

ஆவணியில் கல்யாணம். மறுநாள் கறிவிருந்தில் இலைதோறும் முட்டைக்குழம்பு. அடை வைத்து ஏமாந்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள். அப்புறம் "குழம்புக்கு" என்று சொல்லியே முட்டை வாங்க வந்தார்கள். அரசாங்க வண்டியும் ஒருவழியாக வந்தது. கொடுக்க எங்களிடம்தான் முட்டை இல்லை.

தலைப்பொங்கலுக்கு அப்பா சீர் கொண்டுவந்தார். வெண்கலப்பானை, கரும்பு, மஞ்சள்கொத்து எல்லாம் ஆட்கள் தலையில் வந்தன. அவர் கையில் மட்டும் கால்கட்டிய சேவல் ஒன்று. "ஏண்டா" என்று கூப்பிட்ட அதே வாயால் சொன்னார்:

"இந்தாங்க மாப்பிள்ளை. கவர்மெண்டு மறந்துட்டாக, நான் மறக்கலை."