செங்கோழியின் கால்

என் நாத்தனாருக்குத் தெருவில் கத்தரிக்கோல் என்று பெயர். தையல் வேலை செய்கிறாள் என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை. அவள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் பேச்சு பாதியிலேயே துண்டாகிவிடும். பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டன் விட்டுப்போனால் பிள்ளையைப் பெற்றவளுக்குத் திட்டு, நூல் அறுந்தால் கடைக்காரருக்குத் திட்டு, கரண்ட் போனால் எனக்குத் திட்டு. அவள் குரல் கேட்டு ஓடி வருகிற ஒரே ஜீவன் கொல்லையில் திரியும் செங்கோழிதான். நாங்களெல்லாம் ஓடி ஒளிகிறவர்கள்.

அந்தக் கோழி ஒருநாள் காலையில் நொண்டிக்கொண்டே வந்தது. என்னவென்று நான் குனிவதற்குள் இவள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: பக்கத்து வீட்டு வெல்டர் மனைவிதான் அடித்திருக்கிறாள். அந்தம்மாவின் கீரைப் பாத்தியைக் கோழி கிளறிவிட்டதாம், அந்த வஞ்சமாம். மதிலோரம் நின்று இவள் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அந்தம்மா இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கோழியைத் தூக்கி அது காலை" என்பதுவரைதான் வெளியே வந்தது.

"என் கோழியைப் பாத்துக்க எனக்குத் தெரியும். உங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்க" என்று இவள் வெட்டிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரோ, தங்கை பேச ஆரம்பித்தால் செருப்பைத் தேடுகிறவர், அன்றும் நழுவிவிட்டார். இவள் கோழிக் காலில் களிம்பை அப்பி, வெட்டுத்துணியில் ஒரு பட்டை கிழித்து இறுக்கிக் கட்டினாள். கட்டு என்னவோ நேர்த்திதான். அதற்குப் பிறகு களிம்பைத் துணிக்கு மேலேயே பூசினாளே தவிர, ஒருமுறைகூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் மதிலைப் பார்த்து ஒரு வசவு மட்டும் தவறவில்லை.

கோழி இரை எடுப்பதை நிறுத்தி மூலையில் முடங்கியது. காலே போய்விடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் கடைக்குப் போன சமயம் பார்த்துக் கோழியைத் தூக்கி வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்துக் கட்டை அவிழ்த்தேன். களிம்பு கரைந்ததும் நூல் தெரிந்தது. சீருடைக்குத் தைக்கும் நீல நூல். இரண்டு விரல்களின் அடியில் பல சுற்று சுற்றிச் சதைக்குள் புதைந்து கிடந்தது. அதற்குக் கீழே விரல்கள் கருத்துக் காய்ந்திருந்தன.

அது எப்படி வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. வைக்கோல் எதற்கு வீண்செலவு என்று, தைத்து மிஞ்சிய துண்டுகளையும் நூல் குப்பையையும் கூண்டுக்குள் பரப்பியவள் இந்த மகராசிதான். கோழி கிளறக் கிளறக் காலில் நூல் சுற்றியிருக்கிறது. அதன்மேல் இவள் கட்டு வேறு.

திரும்பி வந்தவள், யாரைக் கேட்டு அவிழ்த்தாய் என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடிக்கிட்டு இங்க வந்து உன் நூலைப் பாரு" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

பார்த்தாள். சின்னக் கத்தரியை எடுத்து வந்து அவளே நூலை ஒவ்வொன்றாக வெட்டி உருவினாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தக் கருத்த விரல்களைப் பார்த்தால் எப்படி வரும்? பிறகு கோழியை அணைத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தப்பாகப் பேசிவிட்டதாகச் சொன்னாள். அந்தம்மா அவளைப் பார்க்கவில்லை, கோழியின் காலைத்தான் பார்த்தார்.

"பாத்தியில நிக்கும்போதே பாத்தேன். விரல்ல நூல் தொங்கிட்டிருந்துச்சு. வெட்டி விட்டுடுன்னு சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். எங்க பேச விட்டே?"

என் நாத்தனார் கோழியைக் கீழே விட்டாள். அது அந்தக் காலை ஊன்றப் பார்த்து, முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. அன்றைக்கே வெட்டியிருந்தால் விரல் இரண்டும் பிழைத்திருக்கும்.