ஜேமிக்கு ஒரு அர்ச்சனை

போன வெள்ளிக்கிழமை, லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில் ஐயர் அர்ச்சனைக்கு விவரம் கேட்டார்.

“பெயர்?”

“ஜேமி.”

“நட்சத்திரம்?”

யார் இந்த ஜேமி? என் மகன் ஆதவன் படிக்கும் யூனிவர்சிட்டியின் அமெரிக்கன் ஃபுட்போல் டீமில் குவாட்டர்பேக். பந்தை எறிகிறவன். ஆதவன் ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் — பிடிக்க வேண்டியவன். இந்த சீசன் முழுக்க ஜேமி எறிந்த ஒரு பந்துகூட அவனிடம் வரவில்லையே! எதிரணிக்குப் போனது. நடுவரின் முதுகுக்குப் போனது. ஒருமுறை, ஓரமாக நின்ற என் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை கடைசி மேட்ச். அதோடு ஆதவனின் விளையாட்டு முடிகிறது. ஒரு பந்தாவது பிடிக்காமல் பிள்ளை வீட்டுக்கு வருவதா? கவலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (இடியப்பம் பத்திலிருந்து எட்டானதை மனைவி கவனிக்கவேயில்லை.)

“மகன்ட பேரில ஒரு அர்ச்சனை செய்திட்டு வாங்கோ” என்றுதான் அவள் அனுப்பினாள். ரயிலில் யோசித்தேன். பந்தே வராதவனுக்கு அர்ச்சனை செய்து என்ன பிரயோசனம்? எறிகிறவனுக்கல்லவா செய்ய வேண்டும்? வேண்டுதலும் தயார்: ஜேமிக்கு ஒரு சின்னக் காய்ச்சல். பெரிதாக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அவனுக்குப் பதிலாக ரிசர்வ் பெடியன் இறங்கட்டும்.

“நட்சத்திரம் தெரியாட்டி பிறந்த திகதி, நேரம், ஊர் தாங்கோ. போனில பாத்துச் சொல்லுறன்” என்றார் ஐயர், தட்டோடு.

ஆதவனுக்கு போன் போட்டு, அர்ச்சனைக்கு ஜேமியின் விவரம் வேண்டும் என்றேன்.

“அப்பா, சீரியஸா?” என்றவன், பக்கத்தில் நின்ற ஜேமியிடமே போனைக் கொடுத்துவிட்டான்.

ஜேமி திகதி சொன்னான். ஊர் லீட்ஸ் என்றான். நேரம் தெரியாமல், தாய்க்கு மெசேஜ் போட்டுக் கேட்டுச் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, “எனக்காகவா கும்பிடுறீங்கள், அங்கிள்? ஞாயிற்றுக்கிழமையை நினைச்சா எனக்கு இப்பவே கை நடுங்குது” என்றான், ஆங்கிலத்தில்.

இதற்குப் பிறகு காய்ச்சல் கேட்க ஏலுமா?

“பூரட்டாதி” என்றார் ஐயர். மந்திரத்துக்கு நடுவே ‘ஜேமி’ என்ற பெயர் ஒலித்தபோது நான் கேட்டது இவ்வளவுதான் — முருகா, அந்தப் பிள்ளையின் கை நடுங்கக்கூடாது.

ஞாயிறு. மழை. கடைசி இரண்டு நிமிடம். ஜேமி கையை ஓங்கினான். பந்து சுழன்று... சுழன்று... அளந்து வைத்ததுபோல ஆதவனின் நெஞ்சுக்கே வந்தது.

வந்து, இரண்டு கைகளுக்கும் நடுவால் கீழே விழுந்தது.

முதலில் ஓடிவந்து அவன் தோளை அணைத்தது ஜேமிதான். நான் இத்தனை நாளும் சந்தேகப்பட்ட அதே கை.

மனைவி போன் போட்டாள். “இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பந்து வந்ததோ?”

“ஓம். அருமையா எறிஞ்சான்.”

“பிடிச்சவனோ?”

கொட்டும் மழையில் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“வெயில் கண்ணில அடிச்சுப் போட்டுது.”