விளிம்பு நெளிந்த குண்டுகள்

எங்கள் தெருவில் இரும்பு துருப்பிடிக்கும், ஈயம் வெளுக்கும். திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோடும் கல் கொட்டிய கரையும்தான். வடக்கிலிருந்து காற்று அடித்தால் உப்போடு எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் சேர்ந்து வரும். தாழ்ப்பாள், சைக்கிள் செயின், அம்மாவின் மீன் கத்தி என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நைனா எண்ணெய் போட்டு வைப்பார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என்னை அப்படியேதான் கூப்பிடுவார்.

நைனாவுக்கு ஈய வேலை. காசிமேட்டு ஹார்பருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வார்ப்பார். பழைய ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார். ஆறியதும் எல்லாவற்றையும் ஒரு பெயிண்ட் டப்பாவில் கொட்டி, ஒரு கை மரத்தூளும் கொஞ்சம் என்ஜின் ஆயிலும் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு குலுக்குவார். பிசிறெல்லாம் உதிர்ந்து குண்டு கறுப்பாகப் பளபளக்கும். பிசிறோடு விட்டால் வலைக் கயிற்றை அறுத்துவிடும். குலுக்குகிற சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்.

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அங்கே என்.சி.சி.யில் நான் சுட்டதைப் பார்த்த ஒரு சார், துப்பாக்கிக் கிளப் ஒன்றில் சேர்த்துவிட்டார். ஏர் ரைஃபிள். வெடிமருந்து கிடையாது, அடைத்து வைத்த காற்று குண்டைத் தள்ளும். பத்து மீட்டர் தூரத்தில் இலக்கு, அதன் நடுவில் பென்சில் முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதைத் தொட்டால் பத்து.

கிளப்பில் வசதியில்லாத பையன் ஒருவனுக்கு ஒரு வருடம் துப்பாக்கியை இலவசமாகக் கொடுப்பார்கள். இந்தத் தடவை அது எனக்குக் கிடைத்தது. அந்த வருடம் முடிவதற்குள் மாநிலப் போட்டியில் குறைந்தபட்ச மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் துப்பாக்கி அவனிடமே இருக்கும். அந்த மதிப்பெண்ணுக்குக் கொடுக்கிற சான்றிதழை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கும் எழுதிப் போடலாம். எடுக்காவிட்டால் துப்பாக்கி அடுத்த பையனுக்குப் போய்விடும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இறால் உரிக்கிற ஷெட்டில் அம்மாவோடு உட்காருகிற பெண்களுக்கும் தெரியும்.

துப்பாக்கி நல்லதாக இருந்து கையும் ஆடாமல் இருந்தால் போதும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். அது போதாது என்று கிளப் கோச்தான் காட்டினார். துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி மாட்டினார். இனி மனிதக் கை ஆட வழியில்லை. ஒரே கம்பெனியின் குண்டுகளில் வெவ்வேறு சமயம் தயாரித்த டப்பாக்களை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் சில குண்டுகளைச் சுட்டார். ஒரு டப்பாவின் குண்டுகள் சிதறிப் போயின. இன்னொன்று இடப்பக்கமாக ஒதுங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், தலையின் அகலத்தில் முடியளவு வித்தியாசம், அவ்வளவுதான். கடைசியில் ஒரு டப்பா கிடைத்தது. அதன் குண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. கோச் அந்த இலக்கு அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் துப்பாக்கிக்கு இதுதான் சோறு. வேற எதுவும் அதுக்கு இறங்காது."

கிளப் அலமாரியில் வைத்தால் யாராவது கைவைத்துவிடுவார்கள் என்பதால் டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். உங்கள் வீட்டு நகை மாதிரிப் பார்த்துக்கொள் என்றார். எங்கள் வீட்டில் நகை இல்லை சார் என்றேன். அப்போ இதுதான் நகை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நைனா டப்பாவைத் திறந்து ஒரு குண்டை உள்ளங்கையில் உருட்டினார்.

"இன்னாடா இது, மொளகு சைஸுக்கு கீது. இத்த வெச்சி இன்னாத்த சுடுவ, கொசுவா?"

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவருக்குப் பெரிய குண்டு காட்டவேண்டும் என்று போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தேன். வெளிநாட்டில் விரல் தடிமனுக்கு ஈயம் சுடுகிற ஏர் ரைஃபிள்கள் இருக்கின்றன. காற்றுதான், ஆனால் காட்டுப்பன்றியைச் சாய்க்கும். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொடமுடியாது. வீடியோவில் தாடி வைத்த ஒரு ஆள் அடுப்பில் ஈயம் உருக்கி, அச்சில் ஊற்றி, தன் குண்டைத் தானே வார்த்தான். எந்தக் குண்டு தன் குழாய்க்குப் பொருந்துகிறது என்று வகைவகையாகச் சுட்டுப் பார்த்தான். பிறகு பொருந்திய குண்டுகளை ஒரு டப்பாவில் கொட்டி, மெழுகுத் தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கினான்.

நைனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

"டேய், இது நம்ம வேலடா. தாடிக்காரன் நம்ம வேலய செய்றான்டா."

அவன் இங்கிலீஷில் என்ன சொல்கிறான் என்று கேட்டார். குண்டு வழவழவென்று சுத்தமாக இருந்தால்தான் நேராகப் போகும் என்று சொல்கிறான் என்றேன். நைனா குலுக்கும் இடத்தைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்த்தார். மறுநாள் கொட்டகையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஐஸ் கடைக்காரர் என்னைப் பார்த்து, உங்க அப்பன் வெளிநாட்டுக்காரனுக்கே தொழில் கத்துக் குடுத்தானாமே என்று கிண்டல் செய்தார்.

மாநிலப் போட்டிக்கு முந்தின நாள் எனக்குக் காலேஜில் லேப் பரீட்சை. அந்த டப்பாவைப் பயிற்சிக்குத் தொடக் கூடாது என்று கோச் சொல்லியிருந்ததால் டி.வி.க்கு மேல் வைத்துவிட்டுப் போனேன். கடல் காற்றுக்கு மூடி கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. மேலே இருந்த குண்டுகளில் மாவு தூவியதுபோல வெள்ளை பூத்திருந்ததைப் பார்த்தேன். அந்த அளவு வெள்ளையால் ஒன்றும் ஆகிவிடாது. நாளைக் காலையில் மெல்லிய துணியால் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கிளம்பும்போது டப்பாவை யாரோ எடுத்து என் பையில் வைத்திருந்தார்கள், அங்கே போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்று திறக்காமலே கிளம்பினேன். நைனா வாசலில் நின்று, கவலைப்படாமல் போ, எல்லாம் ரெடியா கீது என்றார். அம்மா கட்டிக்கொடுத்த இட்லியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

என் இடத்தில் நின்று, ஜாக்கெட்டை மாட்டி, டப்பாவைத் திறந்ததும் என்ஜின் ஆயில் வாசனை அடித்தது. எனக்குப் பழகிய வாசனை. நைனாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். குண்டுகள் கறுப்பாக, சுத்தமாகப் பளபளத்தன. துளி வெள்ளைகூட இல்லை. இடுக்குகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

வலைக்குண்டும் தாடிக்காரனின் குண்டும் கெட்டி ஈயம். எவ்வளவு குலுக்கினாலும் தாங்கும். எங்கள் குண்டு அப்படியில்லை. உள்ளே பொள்ளல். பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து, விளிம்பு காகிதம் போல மெலிந்திருக்கும். காற்று தள்ளும்போது அந்த விளிம்புதான் குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றும். அது வட்டம் தப்பினால் குண்டும் தடம் தப்பும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சில முட்டை வடிவில் இருந்தன, சிலவற்றில் ஒரு பக்கம் மடிந்திருந்தது. நல்லதாகத் தெரிந்தவற்றையும் நம்பமுடியவில்லை.

போட்டி தொடங்குவதற்கு முன்னால் மதிப்பெண் சேராமல் சுட்டுப் பார்த்துக்கொள்ள நேரம் கொடுப்பார்கள். அதில் நைனா குலுக்கிய குண்டுகளைச் சுட்டேன். ஒன்று புள்ளிக்கு அருகில் போனது. அடுத்தது கீழே இடப்பக்கம். அதற்கடுத்தது எங்கேயோ மேலே. குண்டு பட்ட இடத்தைக் காட்டுகிற திரையில் புள்ளிகள் கொட்டிய கடுகு மாதிரித் தெரிந்தன. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோச் வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு தொட்டாங்க இதை?"

நான் டப்பாவை மூடினேன்.  அவர் ஓடிப்போய் கிளப் பையன்களிடமிருந்து வேறொரு டப்பாவை வாங்கி வந்தார். இடப்பக்கமாக ஒதுங்கிய அதே குண்டு. மீதி நேரத்தில் அதற்கேற்ப, குறி பார்க்கிற பாகத்தின் திருகைத் திருப்பி ஓரளவு நடுவுக்குக் கொண்டுவந்தேன். குண்டுகள் ஒதுங்குவது நின்றது, ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக விழவில்லை. நல்ல ஷாட் என்று கை சொல்லும், திரை ஒன்பது என்று காட்டும். அப்படி ஆகும்போது அடுத்த ஷாட்டில் கையை நம்பத் தோன்றாது. கையை நம்பாதவன் விசையை இழுத்துப் பிடிப்பான். நானும் பிடித்தேன். குறைந்தபட்ச மதிப்பெண் எனக்குக் கொஞ்சத்தில் தவறியது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், எழுத மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நைனா அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கி, டப்பாவை வெளியே எடுத்தார். திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஈயத்தின் எடையைக் கையாலேயே சொல்கிறவர்.

"சுடவே இல்லியா நைனா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல."

டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு குண்டைத் திருப்பிக் காட்டி, அந்த விளிம்பு எதற்கு என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அவன் குலுக்குனானே."

"அது கெட்டி ஈயம், நைனா. இது உள்ள பொள்ளல்."

தலையாட்டினார். அம்மா உள்ளிருந்து, ரெண்டு பேரும் துன்னுட்டு அப்புறம் பேசிக்கினு இருங்க என்றாள். 

அடுத்த வாரம் துப்பாக்கியைத் துடைத்துக் கிளப்பில் ஒப்படைத்தேன். கோச் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். முதல் வருடம் படிக்கிற ஒரு பையனுக்கு என்று சொன்னார். எப்போது வேண்டுமானாலும் வந்து வேடிக்கை பார்க்கலாம் என்றும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒருநாள் நைனா வேலை முடிந்து வரும்போது, வலை முடைகிற பித்தளை ஊசி ஒன்றின் முனையை அரத்தால் ராவி, கூம்பாக்கி எடுத்து வந்தார். டீ குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார். டப்பாவிலிருந்து ஒரு குண்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஊசி முனையை விட்டு, மெதுவாகச் சுற்றினார். சரியாகிவிட்டது என்று தோன்றினால் ஒரு சாசரில் வைப்பார், அடுத்ததை எடுப்பார். மறுநாளும் அப்படியே. தெருவில் போகிறவர்கள் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டால் ஊசியைத் தூக்கிக் காட்டுவார்.

"துப்பாக்கியே பூட்ச்சி," என்றாள் அம்மா. "யாருக்குய்யா இத்த நோண்டிக்கினு கீற?"

அவர் சாசரை வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அடியில் புதுப் பஞ்சு விரித்து, குண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கியிருந்தார். எண்ணெய் வாசனை இல்லை.

"இப்ப பாரு. ரவுண்டா கீதா?"

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். கண்ணுக்கு வட்டம்தான். ஊசி தேய்த்த இடத்தில் விளிம்பு இன்னும் மெலிந்து, ஓர் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. காற்று தட்டினால் அங்கேதான் கிழியும்.

"ரவுண்டா கீது, நைனா."

என் விரலிலிருந்து அதை வாங்கி, அதே வெளிச்சத்தில் தானும் திருப்பிப் பார்த்தார். எந்த இடத்தில் என் கண் நின்றதோ அந்த இடத்தில் அவர் கண்ணும் நின்றது. பிறகு அதைப் பஞ்சின் மேல் அதன் இடத்திலேயே வைத்து, மூடியை அழுத்தி மூடினார். இந்த முறை இடுக்கில்லாமல், சுற்றிலும் டேப் ஒட்டினார்.